கோமதிக்கு வந்த கத்தி

ரயிலடிச் சோடாக்கடை அண்ணாச்சி அதை என் கையில் தரவில்லை. வாசல்நடையில் குனிந்து தரையில் வைத்தார். காக்கித் துணியில் சுற்றிச் சணலால் கட்டிய சின்னப் பொட்டலம். வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"கோமதின்னு சொன்னாம்மா. மிலிட்டரிக்காரன். தென்காசி வண்டியில போறான். அதுக்குள்ள வண்டி நவுந்திருச்சு, வேற ஒண்ணும் கேக்க முடியல."

நான் அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்த வேகத்தில் சுளகு கவிழ்ந்து நொய்யும் தவிடும் நடையெல்லாம் சிதறியது. அதைப் பார்த்தால் என்றைக்கும் ஒரு பாட்டம் திட்டுகிற என் மாமியார் அன்றைக்குத் திட்டவில்லை. அதன்மேலேயே மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாரு அண்ணாச்சி? எம்மவனா?"

"உங்க மவன எனக்குத் தெரியாதாம்மா? இது வேற ஆளு. எளவட்டம். ஒரு கால்ல பெரிய கட்டு."

வேறு ஆள். பட்டாளத்துக்குப் போன என் வீட்டுக்காரரின் சாமான் வேறு ஆள் கையில் வருவானேன்? அவர் கைக்கு என்ன வந்தது?

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. கூட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. துணியை உதறிப் பார்த்தேன், திருப்பி உதறிப் பார்த்தேன். சிவப்பு மண்தான் உதிர்ந்தது.

கைக்குக் கை

எனக்குப் பிறந்த ஊர் புளியங்குடி. அப்பாவுக்கு எலுமிச்சங்காய் வியாபாரம். எங்கள் கடையில் ஒருவர் கத்தி கேட்டால் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், அவர் எடுத்துக்கொள்வார். கத்தி, மிளகாய், உப்பு மூன்றும் கைக்குக் கை மாறினால் உறவு முறியும் என்பார் அப்பா. அவருக்கும் என் சித்தப்பாவுக்கும் கடைசிவரை பேச்சுவார்த்தை கிடையாது. அதற்குக் கத்தி காரணமில்லை, ஒரு தோப்புதான் காரணம். ஆனாலும் கத்தியைக் கையில் வாங்கியதால்தான் என்று அப்பா சாதிப்பார்.

ஆகவே சோடாக்கடை அண்ணாச்சி தரையில் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. தொட்டுப் பார்த்தபோதே கத்தி என்று தெரிந்திருக்கும், வைத்துவிட்டார். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. துக்கச் செய்தி கொண்டுவருகிறவன்தான் கையில் தராமல் ஒதுங்கி நிற்பான் என்று தோன்றியது. பயந்தவளுக்குப் பார்த்ததெல்லாம் பேய்.

அப்போது ஜப்பான்காரனிடமிருந்து பர்மாவை மீட்டாயிற்று என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பட்டாளத்துக்குப் போனவர்களில் சிலர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிவகிரிப் பக்கம் ஒருவன் வந்துவிட்டான் என்பார்கள், குருவிகுளத்தில் ஒருவன் என்பார்கள். பர்மாவில் இருந்த அவரிடமிருந்து எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்து மாதக்கணக்காயிற்று. ஐப்பசி மழையில் வந்த கடிதம்தான் கடைசி. அதிலும் பாதி வரிகளைப் பட்டாளத்துச் சென்சார்காரன் கறுப்பு மை பூசி அழித்திருந்தான். மிச்சமிருந்த பாதியில் என் மாமனாரின் மூலவியாதியைப் பற்றி விசாரித்திருந்தார்.

சொல்லாத பெயர்

என் கல்யாணத்தைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன் அல்லவா? படித்த என் பேத்தி கேட்டாள்: "ஊர்ப்பட்ட பேரெல்லாம் எழுதியிருக்கிய. தாத்தா பேரை மட்டும் காணமே?"

அந்தக் காலத்தில் கட்டியவள் கட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். ரேஷன் கடைக்காரர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்போம், அவள் சொல்வாள். அதே பெயர் கொண்ட சாமியைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் கும்பிடுவோம். எங்கள் ஊர்ச் சாமி பெயரிலேயே பாதி ஆண்பிள்ளைகளுக்குப் பெயர் இருந்ததால் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

பெண்பிள்ளைகள் கதையும் அதேதான். சங்கரன்கோவிலில் அம்பாள் பெயர் கோமதி. தெருவில் நின்று "ஏட்டி கோமதி" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டிலிருந்து "என்ன?" என்று கேட்கும். ஆனால் பட்டாளத்தில் புருஷன் இருக்கிற கோமதி ஊரில் நான் ஒருத்திதான். அதனால்தான் அண்ணாச்சி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

காக்காய்க் கால்

கத்தி நல்ல கனம். கைப்பிடி கறுப்பு, வழுக்காமலிருக்கக் கட்டம் கட்டமாக வரி போட்டது. ஒரு அகலமான அலகு, தகர டப்பா திறக்க ஒரு கொக்கி, பின்பக்கம் கோணி ஊசி போல நீண்ட முள், நுனியில் தொங்கவிட ஒரு வளையம். அலகின் அடியில் என்னவோ இங்கிலீஷ் எழுத்து, பாதி தேய்ந்துபோனது. அதற்குப் பக்கத்தில் அழுத்தமாக ஒரு குறி. நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்ந்த இரண்டு கோடுகள், மூன்றும் ஒரு முனையில் சேர்ந்தவை.

அதைப் பார்த்ததும் என் மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காக்காக்கால்ட்டி" என்றாள்.

அமாவாசைக்கு அமாவாசை செத்தவர்களை நினைத்துக் காக்காய்க்குச் சோறு வைக்கிறவர்கள் நாங்கள். காக்காய்க் கால் குத்திய கத்தி வீட்டுக்கு வந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம் தோன்றும்? பட்டாளத்தில் செத்தவன் சாமானுக்கு இப்படி அடையாளம் போட்டு அனுப்புவார்கள் போல என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். அவள் முகத்தில் அது எழுதியிருந்தது.

மாமா சாயங்காலம்தான் வந்தார். அவர் ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக் கத்தியை உற்றுப் பார்த்தார்.

"காக்காக்காலாவது குருவிக்காலாவது! இது சர்க்கார் குறி. சர்வே கல்லுல இதத்தான கொத்தியிருப்பான்? முப்பது வருசமா இதப் பாத்துத்தான எனக்குக் கண்ணே போச்சு!"

அத்தைக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த உயிர் அரைநாழிகை தங்கவில்லை. மாமா யோசித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்.

"சர்க்கார் குறின்னா சர்க்கார் சொத்து. இத வெளிய கொண்டுவரவே கூடாது. அப்ப இது எப்படி வந்துச்சு? ஒண்ணு, சர்க்காரே குடுத்திருக்கணும்..."

நிறுத்திக்கொண்டார். சர்க்காரே கொடுப்பது எப்போது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இல்லாட்டி இவன் சொல்லாம கொள்ளாம பட்டாளத்த விட்டு ஓடியிருக்கணும்."

ஓடியிருந்தால் தேவலை என்று நான் மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன். அவமானம் வந்தால் வரட்டும், போலீஸ் வந்தால் வரட்டும், ஆள் இருந்தால் போதும் என்று இருந்தது.

பூக்காரி வரவில்லை

அலகின் மறுபக்கத்தில் இன்னொன்று இருந்தது. அது கம்பெனியில் குத்தியது இல்லை. எவர்சில்வர் காலத்துக்கு முந்தைய பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார்களே, அந்த மாதிரி யாரோ ஆணியால் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தார்கள். வளைந்து வளைந்து போகிற ஒரு கோடு. அதன் கீழே, இரண்டு பக்கமும் கீற்றுக் கீற்றாக நீட்டிக்கொண்டு, ஒரு முனை மேலே சுருண்ட ஏதோ ஒன்று. கைநடுக்கத்தோடு கொத்தியது போல இருந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

அத்தை வளைந்த கோட்டைப் பார்த்து "ஆறுட்டி" என்றாள். ஆற்றில் போய்விட்டான் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து எனக்குப் பூ இல்லை.

இதை விவரமாகச் சொல்ல வேண்டும். தினம் சாயங்காலம் அத்தைதான் பிச்சிப்பூ வாங்கித் தன் கையால் கிள்ளி எனக்குத் தருவாள். எங்களுக்குள் ஆயிரம் சண்டை இருக்கும், உப்பு கூடினால் ஊருக்கே கேட்கும், ஆனால் பூ நின்றதில்லை. கத்தி வந்த மறுநாள், "பூக்காரி வரல" என்றாள். அதற்கு மறுநாளும் வரவில்லை என்றாள். நான் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறேன், "பிச்சீ... பிச்சியோ..." என்று தெருவில் அவள் கூவிக்கொண்டு போவது எனக்குக் கேட்கிறது. அத்தைக்கும் கேட்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கேட்காததுபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பூவை வைத்துவிட்டுப் பிடுங்கும்படி ஆகிவிடுமோ என்று பயந்தாள். ஆனால் எனக்கு அவள் மேல் அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் தலையில் பூ இருக்கலாமா கூடாதா என்று ஒரு இரும்புத் துண்டைப் பார்த்துத் தீர்மானிக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ராத்திரி தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டுதான் படுத்தேன்.

பஸ்ரா அவில்தார்

சிவகிரியில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்தார். முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய் வந்தவர். ஊரில் பஸ்ரா அவில்தார் என்றே பெயர். அவரிடம் காட்டிவிடலாம் என்று மாமா கிளம்பினார்.

"அந்தப் பிள்ளையும் வரட்டும். அவ பேரச் சொல்லித்தான வந்திருக்கு" என்றார்.

யுத்தகாலத்து பஸ் எப்படி ஓடும் என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. பெட்ரோல் கிடையாது. பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேட்டைக் கண்டால் வண்டி மூச்சுவிட்டுக்கொண்டு நின்றுவிடும். கிளீனர் இறங்கி அடுப்புக்குத் துருத்தி சுற்றுவான். சாவு செய்தியா இல்லையா என்று கேட்கப் போகிறவளுக்கு அந்த பஸ் போதும், வேறு தண்டனை வேண்டாம். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு போய் இறங்கினேன்.

அவில்தார் மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தியை வாங்கி, ஒரே சுண்டில் அலகைத் திறந்து, பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பட்டாளத்துக் கத்திதான்வே. இந்தக் குறிக்கா இப்படிப் பயந்துட்டிய? கம்பளி, தட்டு, டம்ளர், கோவேறு கழுதை, எல்லாத்துலயும் குத்துவான். எம் முதுகுல மட்டுந்தான் குத்தல. செத்தவன் சாமானுக்குன்னு தனிக் குறியெல்லாம் கெடையாது."

"செத்தா சாமான் எப்படி வரும்?" என்று நானே கேட்டுவிட்டேன். மாமா திடுக்கிட்டுப் பார்த்தார்.

அவில்தார் என் பக்கம் திரும்பினார். சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஆபீஸ் வழியா வரும் தாயி. தந்தி முன்னால வரும். ஓடுற ரயில்லருந்து எந்தச் சர்க்காரும் குடுக்காது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் கேட்க ஆள் கிடைத்தால் விடுகிற மீசையா அது? அலகைத் திருப்பி, கொத்தியிருந்த கோடுகளை வெயிலில் சாய்த்துப் பார்த்து, தொடையைத் தட்டினார்.

"மேப்பு! மேப்புல்லா இது! இது ஆறு. இது முகாமு. இந்தக் கீத்தெல்லாம் கூடாரம். சுழிச்சிருக்கு பாருங்க, அது மலைப்பாதை. சென்சார்காரன் கண்ணுல மண்ணத் தூவி, தான் இருக்குற எடத்த உங்க மவன் கொத்தி அனுப்பியிருக்கான்!"

மாமாவுக்கு நில அளவையில் ஊறிய மூளை. மேப்பு என்றதும் அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஊர் திரும்பியதும் ஹைஸ்கூல் வாத்தியாரிடம் அட்லாஸ் இரவல் வாங்கிவந்தார். பர்மாவை விரித்து, பக்கத்தில் கத்தியைத் திறந்து வைத்து, ஆறுகளின் வளைவை எண்ணினார். ஒரு வளைவு கூடும், ஒன்று குறையும். "கைவேலதான, கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? ஆணியைப் பிடித்து இந்தப் புள்ளிகளை வைத்தது அவர் கை என்று நினைத்துக்கொண்டு, ஆளில்லாத நேரத்தில் விரலால் தடவுவேன். உயிரோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார் என்று என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அத்தை மட்டும் நம்பவில்லை. பூக்காரியும் வரவில்லை.

தபசு அன்றைக்கு

ஆடித்தபசு வந்தது. ஹரியும் சிவனும் ஒன்றாக நிற்கிற கோலத்தைக் காட்ட வேண்டும் என்று கோமதி அம்பாள் தவம் இருக்கிற திருநாள். சுற்றுவட்டாரம் முழுக்க ஊரில்தான் இருக்கும். விளைந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் கொண்டுவந்து சப்பரத்தில் வீசுவார்கள். வத்தல் நெடியில் தும்மாமல் சாமி பார்த்தவர் கிடையாது.

அத்தையும் நானும் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றோம். எனக்கு முன்னால், வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண். இளையரசனேந்தல் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. உள்ளங்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். உண்டியலில் போட வாங்கியது கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாதாம்.

அந்தக் கையில் இரண்டு வெள்ளித் தகடுகள் இருந்தன. ஒன்று வளைந்து வளைந்து போகிற கோடு. இன்னொன்று, பக்கத்துக்கு நாலு கீற்றாக நீட்டிக்கொண்டு, ஒரு முனை மேலே சுருண்டது.

பாம்பும் தேளும்.

எங்கள் கோயிலில் விஷக்கடிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் போடுகிற உருவம் அது. கடிபட்டுப் பிழைத்தவன் வெள்ளியில் பாம்பும் தேளும் வாங்கி அம்பாளுக்குச் செலுத்துவான். கோயில் வாசலில் தட்டுத் தட்டாக விற்பார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். நாங்கள் உள்ளூர்க்காரர்கள், புற்றுமண்ணை எடுத்துப் பூசிக்கொண்டு வந்துவிடுவோம். கோயில்வாசல்காரிக்குக் கோபுரம் கண்ணில் படாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. எத்தனை நாள் அந்தக் கோடுகளைத் தடவியிருப்பேன்! புத்தியில் படவில்லையே.

அந்தப் பெண் முன்னால் போகிறவனிடம் கத்தினாள்: "எண்ணே, இதக் கோமதிக்குச் சேத்துரு!"

எனக்குக் காது அடைத்துவிட்டது.

சோடாக்கடை அண்ணாச்சி தபசுக்கு ரதவீதியில் கடை போட்டிருந்தார். அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். கலர் பாட்டில்களுக்கு நடுவே அவருக்குத் தலைநிமிர நேரமில்லை.

"அண்ணாச்சி, அந்த மிலிட்டரிக்காரன் என்ன சொன்னான்? சொன்ன சொல்ல அப்படியே சொல்லுங்க."

"கோமதிக்குக் குடுக்கச் சொன்னான்மா, அதான் அன்னைக்கே..."

"குடுக்கச் சொன்னானா, சேக்கச் சொன்னானா?"

அவர் கையில் பாட்டிலோடு நின்றார். "'சங்கரன்கோவில்தான அண்ணாச்சி? இறங்க முடியல, இதக் கோமதிக்குச் சேத்துருங்க'ன்னான்."

"கால்ல செருப்பு போட்டிருந்தானா?"

"ஒரு கால்ல கட்டும்மா. இன்னொரு கால்ல பூட்ஸக் கழட்டிட்டு, வெறுங்காலோட வாசக்கம்பியப் புடிச்சிட்டு நின்னான். புழுக்கத்துல கழட்டியிருக்கான்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் குரல் இறங்கிவிட்டது. "குடுக்கும்போது கண்ணுல ஒத்திக்கிட்டான்மா. அடப் பாவி, நான் ஒரு கூறுகெட்டவன்!"

மனிதருக்குக் கொடுப்பார்கள், சாமிக்குச் சேர்ப்பார்கள். ஒரு சொல்தான் மாறியது.

யார் பேருக்கு

கத்தி என் வீட்டுக்காரரிடமிருந்து வரவில்லை. யாரோ ஒருவன் பர்மாக் காட்டில் கடிபட்டு, எங்கள் அம்பாளை நினைத்து நேர்ந்திருக்கிறான். காட்டில் வெள்ளிக்கு எங்கே போவான்? கையிலிருந்த இரும்பில் கொத்திக்கொண்டான். பிழைத்து, ஊர் திரும்புகிற வழியில் நேர்ச்சையைக் கொடுத்து அனுப்பிவிட்டான். அது அவன் கதை. என் கதையில் ஒரு வரிகூட அதில் இல்லை.

செத்துவிட்டார் என்ற பயம் போனது. உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையும் அதோடு போனது. இரண்டில் எது போனதற்கு அழுதேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அட்லாஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாம்பாவது தேளாவது! அவில்தாருக்குத் தெரியாததா? சின்னப் பிள்ள, போ" என்றார்.

கோயில்வாசலில் நான் வாங்கிவந்த இரண்டு தகடுகளையும் கத்தி அலகின் பக்கத்தில் வைத்தேன். அட்லாஸில், பர்மாவின் மேலேயே.

மாமா பார்த்தார். அதை எடுத்து இதன் மேல் பொருத்திப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அட்லாஸை மூடினார். "வாத்தியாருக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். உண்டியல் வாயில் கத்தி நுழையவில்லை. அம்பாள் சன்னதிக்குக் கொண்டுபோய், பட்டரின் தட்டில் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேர்ச்சையா? யார் பேருக்கு? நட்சத்திரம் என்ன?"

நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. மாமாவின் உதடு அசைந்தது. மகன் பெயர் அவர் நாக்குநுனியில் நின்றதை நான் பார்த்தேன். எனக்கும் ஆசைதான். இவ்வளவு நாள் எங்கள் வீட்டில் இருந்த கத்திதானே, எங்கள் பேருக்கே ஒரு அர்ச்சனை ஆகட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வெறுங்காலோடு ரயிலில் நின்றானே அவன்!

"பேர் தெரியாது சாமி" என்றேன். "நேந்துக்கிட்டவன் பேருக்குப் பண்ணுங்க. அவன் நல்லபடியா வந்துட்டான்."

பட்டர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். மணி அடித்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தை என்னை நிற்கச் சொன்னாள். பூக்கடைக்குப் போய் நாலு முழம் பிச்சி வாங்கிவந்தாள். எனக்குக் கிள்ளித் தரவில்லை. முழுவதையும், சன்னதித் தெருவில் வைத்து, தன் கையாலேயே என் தலையில் வைத்தாள்.

"அவனுக்கு வழி தெரிஞ்சிருக்குல்லா? எம்மவனுக்கும் தெரியும்ட்டி" என்றாள்.

அட்டை

தெரிந்துதான் இருந்தது. தைப்பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், மெலிந்து கறுத்து, அடையாளமே தெரியாமல் வந்து வாசலில் நின்றார். மாமா அவரைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். மலேரியாவில் ஏதோ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறார். எழுதிப் போட்ட கடிதம் ஒன்றும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

பையை அவிழ்த்தபோது உள்ளே அதே கறுப்புக் கத்தி. அதே காக்காய்க் கால். நான் பறித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்கள ஒண்ணும் கடிக்கலியா?"

"அட்ட கடிச்சுது. ஏன்?"

"ஒண்ணும் நேந்துக்கிடலியா?"

"நீதான் இங்கன இருக்கியே. நீ நேந்துக்கிடுவேன்னு தெரியாதா எனக்கு?" என்று அவர் அப்பாவியாகக் கேட்டார்.

அட்டைக்குக் கோயில்வாசலில் உருவம் விற்பதில்லை. அந்த வெள்ளிக்கிழமை பாம்பும் தேளுமே வாங்கிக்கொண்டு போனோம். அவர் பக்கத்தில் நின்றார். அதே பட்டர், தட்டை நீட்டி, அதே கேள்வியைக் கேட்டார்.

"யார் பேருக்கும்மா?"

வழக்கப்படி நான் அத்தையைப் பார்த்திருக்க வேண்டும். அவள் சொல்லியிருப்பாள். பார்க்கவில்லை. பர்மாவில் குறையாத ஆயுசு என் வாயாலா குறையப்போகிறது?

வாய்விட்டு, பெயரை முழுசாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.